பிளிட்விட்செ ஏரிகளுக்கு கைடுடன் ஒருநாள் பயணம்: எதை முதலில் முடிவு செய்வது, எங்கே சறுக்கும்

குரோவேஷியாவில் இருக்கும் பிளிட்விட்செ ஏரிகள் தேசியப் பூங்காவுக்கு நான்கு தடவை போய்வந்துவிட்டேன். முதல் தடவை தனியாக, மற்ற மூன்றும் வீட்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு டூர் பஸ்ஸில். ஒவ்வொரு தடவையும் பஸ்ஸில் யாராவது ஒருவர் அதே தப்பைச் செய்கிறார்: கைடு வருகிறார், எல்லாம் அவர் பார்த்துக்கொள்வார் என்று நம்பி, எந்த வாசலில் நுழையப்போகிறோம், எவ்வளவு தூரம் நடக்கப்போகிறோம் என்பதைக்கூடக் கேட்காமல் காசைக் கட்டிவிடுகிறார். கைடு உங்களைக் கூட்டிப்போவார், அவ்வளவுதான். நாள் நன்றாக அமையுமா என்பது பஸ் ஏறுவதற்கு முன்பே பாதி முடிவாகிவிடுகிறது. அதனால் கீழே இருக்கும் வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. முதலில் இடத்தின் அமைப்பு

இது தெரியாமல் டூர் விளம்பரத்தைப் படித்தால் ஒன்றும் புரியாது. மொத்தம் 16 ஏரிகள், ஒன்றுக்குக் கீழே ஒன்றாகப் படிக்கட்டு மாதிரி. மேலே உள்ள புரோஷ்சான்ஸ்கோ ஏரி கடல் மட்டத்திலிருந்து 636 மீட்டரில் இருக்கிறது, கடைசி ஏரி 503 மீட்டரில். மேல் ஏரிகள் 12, கீழ் ஏரிகள் 4. தண்ணீர் ஒவ்வொரு ஏரியிலிருந்தும் அருவிகளாகக் கொட்டிக்கொண்டே கீழே வருகிறது.

நடுவில் கோஸ்யாக் என்ற பெரிய ஏரி. மேல் ஏரிகளில் கடைசி அதுதான், படகு ஓடுவதும் அதில்தான். மேலிருந்து கீழே போகிறவர்கள் பெரும்பாலும் இதைப் படகில் கடந்துதான் போகிறார்கள்.

முக்கியமான வாசல்கள் இரண்டு. நுழைவாயில் 1 கீழ் ஏரிகளுக்கும் பெரிய அருவிக்கும் பக்கம். நுழைவாயில் 2 கோஸ்யாக் ஏரிக்கு மேலே, ஏறக்குறைய நடுவில். இரண்டுக்கும் இடையே இரண்டு கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். வரைபடத்தில் பக்கத்துப் பக்கத்து வாசல் போலத் தெரியும், அதை நம்பாதீர்கள்.

2. எந்த ஊரிலிருந்து கிளம்புவது

தலைநகர் சாக்ரெபிலிருந்து சுமார் 130 கிலோமீட்டர், இரண்டு முதல் இரண்டரை மணி நேரம். கடற்கரையில் ஸாடர் நகரிலிருந்தும் கிட்டத்தட்ட அதே தூரம்தான், ஆனால் அதிவேகச் சாலை கூடுதல் என்பதால் கொஞ்சம் சீக்கிரம் வந்துவிடலாம். ஸ்பிளிட்டிலிருந்து என்றால் 240 கிலோமீட்டருக்குக் குறையாது, இடையில் காப்பிக்கு நிறுத்துவதையும் சேர்த்து மூன்று மூன்றரை மணி நேரம்.

ஸ்பிளிட்டிலிருந்து போகக்கூடாது என்றில்லை. ஆனால் போக வர ஏழு மணி நேரம் பஸ்ஸில் போய்விடும். வயதானவர்கள், சின்னக் குழந்தைகள் இருந்தால் பயணத்திட்டத்தையே கொஞ்சம் மாற்றி ஸாடரிலோ சாக்ரெபிலோ இருக்கும் நாளில் இதைப் போடுங்கள். பெரும்பாலானோர் ஓட்டலை முதலில் போட்டுவிட்டு அப்புறம் டூர் தேடுகிறார்கள். இரண்டையும் சேர்த்து யோசித்தால் ஒரு நாள் முதுகுவலி மிச்சம்.

விசா விஷயம் ஒன்று. குரோவேஷியா 2023 ஜனவரி 1-ல் ஷெங்கனுக்குள் (ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டம்) வந்துவிட்டது, அன்றிலிருந்து பணமும் யூரோதான். ஆகவே இந்திய பாஸ்போர்ட்காரர்களுக்கு ஷெங்கன் விசா போதும். ஆனால் பக்கத்து நாடான போஸ்னியா ஷெங்கனில் இல்லை. அங்கே தங்கிக்கொண்டு ஒருநாள் டூரில் பிளிட்விட்செ வர நினைத்தால் எல்லையைத் தாண்டி வந்து திரும்ப வேண்டும், ஒரே ஒரு நுழைவுக்கான விசா என்றால் கணக்கு இடிக்கும். ஒரு முறை வந்து போனால் விசா தீர்ந்தது.

3. மாதம், கிழமை

ஏப்ரல், மே மாதங்களில் பனி உருகி வரும் தண்ணீர், அருவிகள் முழு வேகத்தில் இருக்கும். அதே காரணத்தால் சில மரப்பாதைகள் தண்ணீருக்குள் போய்விட்டு மூடியும் இருக்கலாம். அக்டோபரில் இலைகள் நிறம் மாறும், எனக்குப் பிடித்தது அந்த மாதம்தான். ஜூலை, ஆகஸ்டில் தண்ணீர் குறைவு, கூட்டம் அதிகம், விலையும் அதிகம். குளிர்காலத்தில் பனியும் உறைந்த அருவிகளும் அழகு, ஆனால் பாதைகளில் ஒரு பகுதி மட்டும் திறந்திருக்கும் நாட்கள் உண்டு.

ஆகஸ்டில்தான் லீவு என்றால் வேறு வழியில்லை, போகத்தான் வேண்டும். அப்போது சனி, ஞாயிறை விட்டுவிட்டு வார நாளாகப் பாருங்கள். கோடையில் பூங்கா காலை 7 மணிக்கே திறந்துவிடும். முதல் இரண்டு மணி நேரத்துக்குள் நுழைகிற டூர் கிடைத்தால் பத்து இருபது யூரோ கூட என்றாலும் எடுத்துக்கொள்ளுங்கள். பதினோரு மணிக்கு மேல் மரப்பாதையில் கோயில் திருவிழா வரிசை மாதிரி ஒருவர் முதுகைப் பார்த்துக்கொண்டே இன்னொருவர் நகர வேண்டியிருக்கும்.

4. டூர் விளம்பரத்தில் தேட வேண்டிய விஷயங்கள்

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான இடம், இங்கே அவசரப்படாதீர்கள்.

முதலில், பூங்காவுக்குள் எத்தனை மணி நேரம்? மொத்தம் 11 மணி நேரப் பயணம் என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள், அதில் உள்ளே இருப்பது மூன்றா ஐந்தா என்பது கீழே சின்ன எழுத்தில் இருக்கும், சில சமயம் இருக்கவே இருக்காது. மேல் ஏரி, கீழ் ஏரி இரண்டையும் பார்க்க குறைந்தது நான்கு மணி நேரம் வேண்டும். மூன்று மணி நேரம்தான் என்றால் ஒரு பாதி மட்டும் ஒழுங்காகப் பார்க்கலாம், இரண்டையும் காட்டுகிறோம் என்று சொன்னால் ஓட வைப்பார்கள் என்று அர்த்தம்.

இரண்டாவது, நுழைவுச்சீட்டு விலைக்குள் அடக்கமா? மலிவாகத் தெரியும் டூர்களில் பாதிக்கு மேல் சீட்டு தனி. 2024-ல் பெரியவர்களுக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை 40 யூரோ, ஏப்ரல், மே, அக்டோபரில் 23 யூரோ, நவம்பர் முதல் மார்ச் வரை 10 யூரோ. நான்கு பேர் குடும்பம் கோடையில் இதைக் கணக்கில் எடுக்காமல் போனால் கையைக் கடிக்கும். ஏழு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்குச் சீட்டு இல்லை, மாணவர்களுக்குக் குறைந்த விலை உண்டு, ஆனால் அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும். விலை மாறிக்கொண்டே இருப்பதால் பூங்காவின் சொந்தத் தளத்தில் ஒருமுறை பார்த்துவிட்டு டூர் விலையோடு கூட்டிப் பாருங்கள்.

மூன்றாவது, எந்த வாசல், எந்த வழி? இதற்கு விளம்பரத்தில் பதில் இல்லையென்றால் எழுதிக் கேளுங்கள். ஒழுங்கான டூர்க்காரர் ஒரு நாளுக்குள் பதில் போடுவார். 'அன்றைய நிலவரத்தைப் பொறுத்து' என்று மட்டும் சொன்னால் அது பொய் என்றில்லை, வெள்ளம், பனி என்றால் மாற்றத்தான் வேண்டும். ஆனால் வழக்கமாக எது என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

கடைசியாக, கைடு உள்ளே வருவாரா? கைடு என்ற சொல்லை வைத்து மூன்று வகை டூர் விற்கிறார்கள். ஒன்றில் கைடு கடைசி வரை கூடவே நடப்பார். இன்னொன்றில் வாசலில் வரைபடம் கொடுத்துவிட்டு, இத்தனை மணிக்குப் பஸ்ஸுக்கு வந்துவிடுங்கள் என்று அனுப்பிவிடுவார். மூன்றாவது வகையில் பஸ்ஸில் மைக்கில் பேசுவதோடு சரி. இரண்டாவது வகையில் தப்பே இல்லை, கொஞ்சம் ஆற அமரப் பார்க்க நினைப்பவர்களுக்கு அதுதான் நல்லது. எதற்குப் பணம் கட்டுகிறோம் என்று தெரிந்து கட்டுங்கள்.

5. சீட்டு தனி என்றால் எப்படி எடுப்பது

பூங்காவின் சீட்டில் நாள் மட்டும் இருக்காது, நுழையும் மணியும் எந்த வாசல் என்பதும் இருக்கும். ஒவ்வொரு மணிக்கும் இத்தனை பேர்தான் என்று அளவு வைத்திருக்கிறார்கள். அதனால் கோடையில் 'போய்ப் பார்த்துக்கலாம்' என்று போனால் காலை நேரம் தீர்ந்து பிற்பகல் நேரம்தான் மிஞ்சியிருக்கும். உங்கள் பஸ் அதற்குள் திரும்பக் கிளம்பும்.

என் அக்கா குடும்பம் வந்தபோது இதில்தான் மாட்டினோம். டூர் ஒருவரிடம் போட்டோம், சீட்டு தனி என்றார்கள். அத்தான் மலர்ந்த முகத்தோடு 'நான் நேத்து ராத்திரியே எடுத்துட்டேன்' என்றார், பஸ் போய் நின்றது நுழைவாயில் 2-ல், அவர் கையில் இருந்த ஐந்து சீட்டும் நுழைவாயில் 1-க்கு. வாசலில் இருந்த பெண்மணி நல்லவர், பேசிச் சரி செய்து கொடுத்தார், ஆனால் அதற்குள் நாற்பது நிமிடம் போயிற்று, குழு போய்விட்டது, கைடின் குரலைக் கடைசி வரை கேட்கவே இல்லை.

ஆகவே வரிசை இப்படி: டூர்க்காரரிடம் வாசலையும் நுழையும் மணியையும் எழுத்தில் வாங்குங்கள், அப்புறம்தான் சீட்டு. கோடைக்கு ஒரு வாரத்துக்கு முன்பே எடுத்துவிடுவது நல்லது. எடுத்ததும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். படகுக்கும் உள்ளே ஓடும் வண்டிக்கும் இதே சீட்டுதான், தனிக் கட்டணம் இல்லை. அங்கேயும் கேட்பார்கள் என்பதால் வாசல் தாண்டியதும் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். போட்டவரைப் பார்த்திருக்கிறேன்.

6. எந்த நடைவழி

பூங்காவே சில வழிகளை வகுத்து ஆங்கில எழுத்துப் பெயர் வைத்திருக்கிறது. பலகைகளில் அந்த எழுத்தைப் பார்த்துத்தான் நடக்க வேண்டும். நுழைவாயில் 1-லிருந்து ஏ, பி, சி. நுழைவாயில் 2-லிருந்து இ, எஃப், எச். கே என்பது நாள் முழுக்க நடக்கிறவர்களுக்கு, 18 கிலோமீட்டருக்கு மேல். ஒருநாள் டூரில் அதை மறந்துவிடுங்கள்.

ஒருநாள் டூர்களில் வருவது பெரும்பாலும் சி அல்லது எச். இரண்டும் மேல், கீழ் ஏரிகள் எல்லாவற்றையும் காட்டும், படகும் வண்டியும் உண்டு, தூரம் எட்டு ஒன்பது கிலோமீட்டர், பூங்காவின் கணக்குப்படி நான்கு முதல் ஆறு மணி நேரம். வித்தியாசம் திசையில். சி கீழிருந்து மேலே ஏறும். எச்-ல் முதலில் வண்டி உங்களை மேலே கொண்டு போய் விட்டுவிடும், அங்கிருந்து தண்ணீரோடு சேர்ந்து கீழே இறங்கிவரலாம்.

என்னைக் கேட்டால் எச். மூட்டுவலிக்காரர்களுக்கு இறக்கமும் கஷ்டம்தான் என்பது உண்மை, ஆனால் இங்கே சரிவு நீண்டு பரந்து வருவதால் மேலே ஏறும்போது வருகிற மூச்சிரைப்பு இருக்காது. இன்னொரு காரணம், சி-யில் போனால் பெரிய அருவி முதல் அரை மணியிலேயே வந்துவிடும், அதற்கப்புறம் வருவதெல்லாம் சிலருக்குச் சின்னதாகத் தெரிகிறது.

உள்ளே இருப்பது மூன்று மணி நேரத்துக்குள் என்றால் கீழ் ஏரிகள் மட்டும் போகும் ஏ, அல்லது மேல் ஏரிகள் மட்டும் போகும் இ. முதல் தடவை வருகிறவர்கள் ஏ எடுக்கலாம், பெரிய அருவி அதில்தான் இருக்கிறது.

7. முந்தின ராத்திரி எடுத்து வைக்க வேண்டியவை

செருப்பு வேண்டாம், பிடிமானம் உள்ள ஷூ. இதை எவ்வளவு சொன்னாலும் போதாது. பாதையில் பெரும்பகுதி மரப்பலகை, தண்ணீருக்கு ஒரு சாண் மேலே, பல இடங்களில் கைப்பிடி கிடையாது. உருண்டைக் கம்புகளை அறுத்துப் பக்கத்தில் பக்கத்தில் அடித்திருப்பார்கள், இடுக்கில் தண்ணீர் ஓடுவது தெரியும். மேலே அருவித் தூறல் விழுந்து விழுந்து பலகை மினுமினுவென்று சோப்பு தடவினது போல இருக்கும். அம்மா முதல் தடவை புடவையும் கட் ஷூவுமாக வந்தாள். கொசுவம் ஓரம் நனைந்து கனத்து பலகையில் இழுபட, ஒரு கையால் புடவையைத் தூக்கிக்கொண்டு இன்னொரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு பாதி வழி வந்தாள். அடுத்த தடவை சுடிதார்.

அப்புறம், மெல்லிய மழைக்கோட்டு. குடை வேண்டாம், குறுகலான பாதையில் எதிரே வருகிறவர் கண்ணில் குத்தும். மேலே போட ஒரு ஸ்வெட்டர், ஏனென்றால் கடற்கரையில் 33 டிகிரி வெயிலில் கிளம்பி காட்டுக்குள் மலை உயரத்தில் இறங்கும்போது காலை நேரம் குளிரும். மாற்று சாக்ஸ் ஒரு ஜோடி. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர்.

சாப்பாடு கட்டிக்கொண்டு போவதே நல்லது. உள்ளே இருக்கும் கடைகளில் பொரித்தது, சுட்ட கோழி, சாசேஜ் மாதிரியானவைதான் அதிகம், சைவக்காரர்கள் உருளைக்கிழங்கு வறுவலோடு நின்றுவிட வேண்டியிருக்கும், மதியத்தில் அதற்கும் வரிசை.

குழந்தைக்குத் தள்ளுவண்டி எடுத்து வராதீர்கள், படிகளும் இடுக்குகளும் அதற்கு இடம் கொடுக்காது. முதுகில் மாட்டும் பை இருந்தால் அது. டிரோன் இருந்தால் ஓட்டலிலேயே விட்டுவிடுங்கள், அனுமதி இல்லாமல் பறக்கவிடக்கூடாது. நீச்சலுடையும் வேண்டாம், ஏன் என்று கீழே சொல்கிறேன்.

8. பஸ்ஸில்

சொன்ன இடத்துக்கு 15 நிமிடம் முன்னால் போய் நில்லுங்கள். பழைய நகரப்பகுதிகளுக்குள் பெரிய பஸ் வராது, சந்திக்கும் இடம் ஓட்டல் வாசலாக இருக்காது. முந்தின நாள் மாலை அந்த இடத்தை ஒருமுறை நடந்து பார்த்துவிடுவது என் வழக்கம்.

சாக்ரெபிலிருந்து வரும் பஸ் கார்லோவாட்ஸ் வரை அதிவேகச் சாலையில் வந்து, அப்புறம் பழைய சாலையில் ஸ்லூன் ஊர் வழியாக வளைந்து வளைந்து போகும். வாந்தி வருகிறவர்கள் மாத்திரையைக் கிளம்பும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள், வளைவு ஆரம்பித்த பிறகு போட்டுப் பலனில்லை. ஸ்லூனை ஒட்டி ரஸ்தோக்கே என்ற சின்ன இடம், ஆற்றின் மேல் பழைய தண்ணீர் ஆலை வீடுகள். பல டூர்கள் அங்கே நிறுத்தும். போகும்போதே நிறுத்தினால் அந்த அரை மணி நேரம் எதிலிருந்து கழிகிறது என்று கைடிடம் கேளுங்கள். திரும்பும்போது நிறுத்துவதுதான் நியாயம்.

9. வாசலில் முதல் பதினைந்து நிமிடம்

இறங்கியதும் செய்ய வேண்டியது மூன்று. பஸ் எண்ணையும் நிற்கும் இடத்தையும் போட்டோ எடுங்கள், மாலையில் வெள்ளை பஸ்கள் இருபது நிற்கும். கைடின் போன் எண்ணை வாங்குங்கள். கழிப்பறைக்குப் போங்கள், வேண்டாம் என்று தோன்றினாலும். வாசல், படகுத்துறை, வண்டி நிறுத்தம் ஆகிய இடங்களை விட்டால் நடுப்பாதையில் எங்கேயும் கிடையாது. பாதை குறுகல், திரும்பி நடப்பது என்றால் வருகிற கூட்டத்தைக் கிழித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும்.

திரும்ப எந்த வாசலில் ஏறுவது என்றும் கேட்டுவிடுங்கள். சில டூர்கள் ஒன்றில் இறக்கி இன்னொன்றில் ஏற்றும்.

10. மேல் ஏரிகள்

எச் வழியில் முதலில் வண்டி. அதற்கு ரயில் என்று பெயர், ஆனால் தண்டவாளம் இல்லை, டயரில் ஓடும் நீளமான பஸ்தான். ரயிலைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள்.

மேலே இறங்கியதும் எல்லாரும் முதல் ஏரியிலேயே நின்று போட்டோ எடுப்பார்கள். நீங்கள் கொஞ்சம் விட்டு நடந்தால் அடுத்த அரை மணி கூட்டமில்லாமல் போகும். இங்கே கீழே உள்ளது போல அவ்வளவு பெரிய அருவி கிடையாது, பாசி படிந்த திட்டுகளின் மேல் நூறு இடங்களில் தண்ணீர் மெல்லிசாக வழியும், அவசரப்பட்டால் ஒன்றுமில்லாதது போல இருக்கும்.

ஓர் இடத்தில் குனிந்து தண்ணீருக்குள் பாருங்கள். விழுந்து கிடக்கும் மரக்கிளை மேல் வெள்ளைச் சுண்ணாம்பு பூசினது போல ஒரு படிவு இருக்கும். தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு, பாசி, நுண்ணுயிர்கள் எல்லாம் சேர்ந்து கட்டும் கல் அது. ஏரிகளைப் பிரிக்கும் அணைகள் எல்லாமே இப்படி வளர்ந்தவைதான், இன்றும் வளர்ந்துகொண்டிருப்பவை. புதிய படிவு கைபட்டாலே உதிரும். நீந்தக்கூடாது, பாதையை விட்டு இறங்கக்கூடாது, காலை நனைக்கக்கூடாது என்பதற்குக் காரணம் இதுதான். தண்ணீரைப் பார்த்தால் ஆசை வரும், எனக்கும் வந்தது. அபராதம் உண்டு, அதைவிடப் பலகை ஓரத்தில் உட்கார்ந்து வழுக்கி விழுகிற ஆட்கள்தான் அதிகம்.

இன்னொன்று, போட்டோ எடுக்க நிற்கும்போது ஓரமாக அகலமான திட்டு எங்கே இருக்கிறது என்று பார்த்து நில்லுங்கள். பலகை நடுவில் நின்றால் பின்னால் ஐம்பது பேர் நிற்பார்கள். பின்னால் வருகிறவர் உங்களைச் சுற்றிப் போகத்தான் ஓரத்தில் கால் வைக்கிறார்.

11. படகு

கோஸ்யாக் ஏரியில் மூன்று படகுத்துறைகள், 1, 2, 3 என்று எண். குழுவை விட்டுப் பிரிகிறவர்களில் பாதிப் பேர் இங்கேதான் பிரிகிறார்கள்.

1-ம் துறை நுழைவாயில் 2-க்குக் கீழே. 2-ம் துறை ஏரியின் எதிர்க்கரையில், மேல் ஏரிகள் முடியும் இடத்தில். இந்த இரண்டுக்கும் நடுவே ஓடுவது சில நிமிடத்துக் குறுக்குப் படகு. 2-லிருந்து 3-க்குப் போவது நீளமான படகு, ஏரியின் நீளத்துக்கு, சுமார் இருபது நிமிடம். மேல் ஏரிகளிலிருந்து இறங்கி வருகிற உங்களுக்கு வேண்டியது 2-லிருந்து 3-க்குப் போகும் படகு. இரண்டு வரிசையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், குறுக்குப் படகின் வரிசை எப்போதும் சின்னதாக இருக்கும், ஆசையாக இருக்கும். அதில் ஏறினால் கீழ் ஏரிகளைப் பார்க்காமலே நுழைவாயில் 2-ல் போய் நிற்பீர்கள், அப்புறம் திரும்ப வந்து வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும்.

கோடை மதியத்தில் நீளப் படகுக்கு ஒரு மணி நேரம் காத்திருந்ததும் உண்டு. அந்த நேரத்தை மனதில் வைத்துத்தான் மேல் ஏரிகளில் எவ்வளவு நேரம் நிற்பது என்று கணக்குப் போட வேண்டும், உள்ளே கிடைக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் படகு ஏறும் முன்பே கழிந்துவிட்டால் கீழ் ஏரிகள் ஓட்டப்பந்தயம்தான். படகு மின்சாரத்தில் ஓடுவது, சத்தமே இருக்காது. ஓர இருக்கைக்கு அடித்துப்பிடித்து ஏற வேண்டியதில்லை, ஏரியின் இரண்டு பக்கமும் காடுதான்.

3-ம் துறையில் புல்வெளி, மேசைகள், கடைகள், கழிப்பறை எல்லாம் உண்டு. கட்டிக்கொண்டு வந்ததை இங்கே சாப்பிடுங்கள். 20 நிமிடத்துக்கு மேல் உட்காராதீர்கள், உட்கார்ந்தால் எழ மனம் வராது. குப்பையைப் பைக்குள்ளேயே போட்டுக்கொள்ளுங்கள்.

12. கீழ் ஏரிகளும் பெரிய அருவியும்

இங்கே நிலம் மாறும். மேலே அகன்ற காடு, இங்கே சுண்ணாம்புப் பாறையின் நடுவே செங்குத்தான பள்ளத்தாக்கு, பாதை அதன் அடியில். தண்ணீர் நிறம் பளிச்சென்று இருக்கும். போட்டோவில் நீங்கள் பார்த்த அந்த வளைந்த மரப்பாதை பெரும்பாலும் இந்தப் பக்கத்தில் எடுத்ததாகத்தான் இருக்கும்.

பெரிய அருவியின் குரோவேஷியப் பெயர் வெலிக்கி ஸ்லாப், அர்த்தமும் அதேதான். 78 மீட்டர் உயரம். இது ஏரிகளின் தண்ணீர் இல்லை, பிளிட்விட்சா என்ற சின்ன ஓடை பக்கத்துப் பாறையிலிருந்து நேராக விழுகிறது. அது ஏரித் தண்ணீரோடு சேரும் இடத்தில்தான் கொரானா ஆறு தொடங்குகிறது. ஓடை என்பதால் ஆகஸ்ட் கடைசியில் மெலிந்திருக்கும், ஏமாற்றம் வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

அருவிக்கு அடியில் போக பிரதான பாதையிலிருந்து ஒரு கிளை பிரியும், போய் அதே வழியில் திரும்ப வேண்டும். அங்கே கூட்டம் குவிந்திருக்கும். நேரம் குறைவாக இருந்தால் அடிவாரத்தை விட்டுவிட்டு மேலே ஏறும் வழியில் இருக்கும் பார்வை மேடையில் நின்று பாருங்கள். எனக்கு மேலிருந்து பார்ப்பதுதான் பிடிக்கும், அருவியும் ஏரிகளும் ஒரே சட்டத்தில் வரும்.

அதற்குமுன் ஏற்றம் ஒன்று இருக்கிறது. பள்ளத்தாக்கின் அடியிலிருந்து வளைந்து வளைந்து மேலே வரும் பாதை, நாள் முழுக்க இறக்கத்தில் வந்த கால்களுக்கு இது எதிர்பாராதது. முதியவர்களுக்கு 20 நிமிடம் ஒதுக்குங்கள், வளைவுக்கு வளைவு நின்று போகட்டும்.

13. திரும்பும் நேரம்

ஏறி வந்ததும் நுழைவாயில் 1 பக்கத்து நிறுத்தம். பஸ் நுழைவாயில் 2-ல் நின்றால் இங்கிருந்து அதே டயர் ரயிலில் திரும்ப வேண்டும். அதற்கும் வரிசை, பத்திலிருந்து முப்பது நிமிடம் வரை. ஆகவே கைடு நான்கு மணிக்குப் பஸ் என்றால், நீங்கள் மூன்றேகாலுக்கு இந்த நிறுத்தத்தில் இருக்க வேண்டும். நான்கு மணியை மனதில் வைத்து நடக்கிறவர்கள்தான் ஓடி வருகிறார்கள்.

குழுவைத் தவறவிட்டுவிட்டால் தேடிக்கொண்டு பின்னால் போகாதீர்கள். உங்கள் வழி எழுத்தைப் பார்த்துக்கொண்டு முன்னால் நடந்து கொண்டே இருங்கள், கைடுக்கு எந்தத் துறையில் நிற்கிறீர்கள் என்று செய்தி அனுப்புங்கள். பெரும்பாலும் படகு வரிசையிலேயே அவர்களைப் பிடித்துவிடலாம்.

பஸ் ஏறியதும் முதல் வேலை, ஈர சாக்ஸைக் கழற்றுங்கள். மூன்று மணி நேரம் ஏசி ஓடும்.